கீபேட் பூட்டில் நம்பர் மாற்றியும் பழைய நம்பருக்கே கதவு திறக்கிறது (தங்கச்சிமடம்)

தங்கச்சிமடம் வீடு – கேள்வி

வணக்கம். கடற்கரையை ஒட்டிய வீடு. ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். வாசல் தேக்குக் கதவில் கீபேட் பூட்டு: 0 முதல் 9 வரை, ஸ்டார், ஹேஷ் என்று 12 பொத்தான், கைரேகை உண்டு, ஆப் கிடையாது, நான்கு ஏ.ஏ. பேட்டரி. கீழே சின்ன மூடிக்குள் சாவித் துவாரம் இருக்கிறது, சாவியும் கையில் இருக்கிறது.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுவிட்டதால் மாஸ்டர் நம்பரை (பூட்டின் அமைப்புகளை மாற்ற விடும் முதன்மை நம்பர்) போட்டு மெனுவுக்குள் போய் புது நம்பர் வைத்தோம். புது நம்பருக்குத் திறக்கிறது. பழைய நம்பருக்கும் திறக்கிறது! எதைத் தவறவிட்டோம்?

இன்னொன்று, 8ம் ஸ்டாரும் இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் எடுக்கிறது. புது பேட்டரி போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

ராம்நாடு பூட்டு வேலை – பதில்

தம்பி, நீங்க நம்பரை மாத்தல, இன்னொரு நம்பரைச் சேர்த்திருக்கீங்க. இந்த மாதிரி பூட்டுல ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. 001ல ஒண்ணு, 002ல ஒண்ணுன்னு போய் உட்காரும். புதுசு 002ல போயிருக்கும், பழசு 001ல அப்படியே இருக்கு. பழசை அழிக்கிறது தனி வேலை. மெனுவுல ‘சேர்’ ஒண்ணு, ‘அழி’ ஒண்ணு இருக்கும். எந்தப் பொத்தான் எதுக்குன்னு மாடலுக்கு மாடல் மாறும். பேட்டரி மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் பார்த்து, அந்த மாடலோட கையேட்டை எடுத்துக்குங்க. வேற மாடலோட வீடியோவைப் பார்த்து அழுத்தினா பாதி நேரம் தப்பாத்தான் போகும்.

ஆனா உங்க விஷயத்துல பழைய நம்பரை மட்டும் அழிச்சாப் போதாது. போனவருக்கு மாஸ்டர் நம்பரும் தெரிஞ்சிருக்கலாம். அவர் விரல் ரேகை உள்ள இருக்கலாம். கார்டு கொடுத்திருந்தா அதுவும் இருக்கும். எது எந்த வரிசையில இருக்குன்னு எழுதி வச்ச நோட்டு இல்லேன்னா ஒவ்வொண்ணாத் தேடி அழிக்க முடியாது. அதனால மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்க. அதான் ஒரே வழி.

கதவைத் திறந்து வச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். சாவியை முதல்ல போட்டுத் திருப்பிப் பாருங்க. அது திரும்பலேன்னா அதைச் சரி பண்ணாம மேற்கொண்டு எதையும் தொடாதீங்க. அப்புறம் புது அல்கலைன் பேட்டரி நாலும் போடுங்க. பேட்டரி இறங்கியிருந்தா சில பூட்டு கதவைத் திறக்கும், ஆனா மெனுவுக்குள்ள விடாது. பாதியில சக்தி போச்சுன்னா பாதி அழிஞ்சு பாதி அழியாம நிக்கும்.

ரீசெட் பொத்தான் உள்பக்கப் பெட்டியில இருக்கும், பெரும்பாலும் பேட்டரி மூடிக்குள்ள சின்ன ஓட்டையா. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ள விட்டு 5ல இருந்து 10 விநாடி அழுத்திப் பிடிச்சா நீளமா ஒரு பீப் வரும். சில மாடல்ல பேட்டரியைக் கழட்டி, பொத்தானை அழுத்திக்கிட்டே திரும்பப் போடணும். பீப் வந்ததும் எல்லாம் அழிஞ்சாச்சு. மாஸ்டர் நம்பர் கம்பெனி கொடுத்ததுக்குத் திரும்பிடும், பல பூட்டுல அது 123456.

இப்பதான் கவனம் வேணும். ரீசெட் ஆன நிலையில பல கைரேகைப் பூட்டு யார் விரல் வச்சாலும் திறக்கும். பழுது இல்ல, கடையில வாங்கும்போது அப்படித்தான் இருக்கும். மாஸ்டர் பதிவான பிறகுதான் மத்தவங்களை மறுக்கும். அதனால ரீசெட் பண்ணிட்டு ‘சாயங்காலம் பாத்துக்கலாம்’னு போயிடாதீங்க. அதே மூச்சுல மாஸ்டர் நம்பரை மாத்துங்க, அப்புறம் வீட்டுக்காரங்க நம்பர், அப்புறம் விருந்தாளி நம்பர்.

ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை கேக்கும், முடிவுல ஹேஷ் அழுத்தணும். இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. ரெண்டு எண்ணுக்கு நடுவுல ரொம்ப யோசிச்சா நேரம் முடிஞ்சு வெளியே தள்ளிடும். மாஸ்டரும் சாதா நம்பரும் ஒண்ணா இருந்தா ஏத்துக்காது. முதல் நாலு எண் ஒண்ணா இருந்தாக்கூட மறுக்கிற மாடல் இருக்கு. அஞ்சு தடவை தப்பாப் போட்டா கொஞ்ச நேரம் கீபேட் பூட்டிக்கும். அப்ப அழுத்திக்கிட்டே இருக்காம அஞ்சு நிமிஷம் விட்டுட்டு வாங்க.

எல்லாம் முடிஞ்சதும் கதவு திறந்தே இருக்கும்போது உள்பக்கக் குமிழைத் திருப்பிப் பூட்டு நாக்கை வெளியே தள்ளுங்க. புது நம்பர் போடுங்க, நாக்கு உள்ள போகணும். மறுபடி வெளியே தள்ளிப் பழைய நம்பர் போடுங்க, பழைய மாஸ்டரும் போட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் நாக்கு அசையக் கூடாது. மூணு தடவை இப்படிப் பார்த்த பிறகு கதவைச் சாத்துங்க.

கீழக்கரை உப்புக்காற்று – பதில்

மேலே சொன்ன முறை சரி. இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். பொத்தான் எடுக்காததும் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் ஒரே காரணத்தால் வரலாம், தனித்தனிக் காரணத்தாலும் வரலாம். நம் கரையில் முதலில் உப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கம் ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் கதவில் உப்பு படிகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பொத்தானுக்கு அடியிலுள்ள கார்பன் தொடுமுனைக்கும் சர்க்யூட் பலகைக்கும் நடுவே அந்த ஈரம் நின்றால், அழுத்தினாலும் எடுக்காது, சில சமயம் அழுத்தாமலே எடுக்கும். அழுத்தாமலே எடுக்கும் பூட்டு அடிக்கடி விழித்து விழித்து பேட்டரியைத் தின்றுவிடும்.

பேட்டரி இடத்தைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்த காரம், பச்சையாக இருந்தால் செம்பு களிம்பேறியிருக்கிறது. வெள்ளைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு மட்டும் தொட்டுத் துடையுங்கள். அடுத்து நல்ல தண்ணீர் தொட்ட குச்சி, கடைசியில் உலர்ந்த துணி. பச்சைக்கு பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி களிம்பு வரும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் காரம் தோலை அரிக்கும்.

பேட்டரி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் மலிவான கார்பன் பேட்டரி, மோட்டார் திரும்பும் அந்த ஒரு விநாடிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்காது. நான்கு அல்கலைன் புதிதாக 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். பல பூட்டுகள் 4.8 வோல்ட் அளவில் சிவப்பு விளக்கைப் போடும். ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான், நான்கும் சேர்ந்தால் 4.8. முழு சார்ஜில் போட்டாலும் சீக்கிரமே சிவப்பு எரிவது அதனால்தான். லித்தியம் பேட்டரி கடைசிவரை ஒரே அளவில் நின்று திடீரென்று கீழே விழும், எச்சரிக்கை வருவதற்குள் பூட்டு செத்துவிடும். ஆகவே அல்கலைன், நான்கும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் மாற்றியது. இரண்டு பழையது இரண்டு புதியது என்று கலக்கவே கூடாது.

ஸ்பிரிங் சுத்தமாக இருந்து, பேட்டரியும் நல்லதாக இருந்து, அப்படியும் இரண்டு மாதத்தில் தீர்ந்தால் கதவைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேக்கும் கொஞ்சம் ஊதும். கதவு திறந்திருக்கும்போது நாக்கு சடக்கென்று போய்வந்து, சாத்தியபின் முனகிக்கொண்டு போனால் நாக்கு நிலையிலுள்ள தகட்டில் உரசுகிறது. நாக்கின் முனையில் சாக்பீஸ் தடவிக் கதவைச் சாத்தித் தள்ளினால் தகட்டில் எங்கே உரசுகிறது என்று வெள்ளையாகத் தெரியும். அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அரத்தால் ராவினால் சரியாகிவிடும். கீலில் திருகு தளர்ந்து கதவு தொங்கினாலும் இதே கோளாறு வரும், முதலில் அந்தத் திருகை முடுக்கிப் பாருங்கள்.

பொத்தான்களுக்கு: பேட்டரியைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு துணியில் அடித்து, பொத்தான் ஓரங்களைத் துடையுங்கள். துருவை இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயை கீபேடில் அடிக்காதீர்கள். எண்ணெய் உள்ளே இறங்கித் தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சாவித் துவாரத்துக்கும் எண்ணெய் வேண்டாம். உள்ளூரில் பலர் பென்சில் கரியைத் தூவுகிறார்கள். கரி மின்சாரம் கடத்தும், உப்பீரத்தில் துத்தநாகக் கலவை உடம்பை அது இன்னும் வேகமாக அரிக்க வைக்கும். உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரே ஒரு அழுத்து போதும். மாதம் ஒருமுறை சாவியை விட்டுத் திருப்புங்கள். திருப்பாத சாவி அவசரத்துக்குத் திரும்பாது.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருந்தால் அதில் துடைப்பதில் பயனில்லை, காவிரிக் குடிநீர் பிடித்து வைத்ததை எடுங்கள்.

தங்கச்சிமடம் வீடு

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ரீசெட் பண்ணி மாஸ்டர் மாற்றியாச்சு, பழைய நம்பர் எதற்கும் திறக்கவில்லை. ஸ்பிரிங்கில் வெள்ளையாகத்தான் பூத்திருந்தது, துடைத்தபின் 8 எடுக்கிறது, ஸ்டார் இன்னும் சண்டித்தனம் பண்ணுகிறது.

ஆனால் புதுச் சிக்கல்: நம்பர் போட்டால் நாக்கு உள்ளே போவதற்குப் பதில் வெளியே வருகிறது. பூட்டச் சொன்னால் உள்ளே போகிறது. தலைகீழாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று. பேட்டரி செத்து, சாவியும் கையில் இல்லாமல் வெளியே நின்றால் என்ன செய்வது? பூட்டின் அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கிறது, அது அதற்குத்தானா?

ராம்நாடு பூட்டு வேலை

பயப்படாதீங்க, ரீசெட்டுல இதுவும் அழிஞ்சுருக்கு. கதவு இடது கையா வலது கையான்னு பூட்டு ஞாபகம் வச்சிருந்தது, இப்ப மறந்துடுச்சு. மெனுவுல கதவுத் திசைன்னு ஒரு அமைப்பு இருக்கும், அதை மாத்துங்க. சில மாடல் கதவைத் திறந்து வச்சா தானே நாக்கை ரெண்டு பக்கமும் தள்ளிப் பார்த்துக் கத்துக்கும், அப்ப குறுக்க எதுவும் இருக்கக் கூடாது. சின்ன சுவிட்சு வச்ச மாடலும் உண்டு, பேட்டரிப் பெட்டிக்குள்ள இடதுக்கு எல் (L), வலதுக்கு ஆர் (R)-ன்னு ரெண்டு ஆங்கில எழுத்து போட்டிருக்கும்.

அந்த ரெண்டு புள்ளியும் 9 வோல்ட் பேட்டரிக்குத்தான். நீள்சதுரமா, தலையில ரெண்டு குமிழ் இருக்கிற பேட்டரி. அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நம்பர் போட்டு ஹேஷ் அழுத்தணும், நாக்கு முழுசா உள்ள போற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. அதுல இருந்து பேட்டரி சார்ஜ் ஆகாது, அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். பக்கத்துல கூட்டல் கழித்தல் குறி இருந்தா அதன்படி வையுங்க. புள்ளி ரெண்டும் களிம்பேறியிருந்தா வேலை செய்யாது, வாரத் துடைப்புல அதையும் சேர்த்துக்குங்க. புது மாடல்ல இதுக்குப் பதிலா டைப்-சி ஓட்டை இருக்கும், பவர் பேங்க் மாட்டலாம். இழுக்கிற மின்சாரம் ரொம்பக் குறைவுன்னு சில பவர் பேங்க் தானா அணைஞ்சுடும், அதனால எது வேலை செய்யுதுன்னு இப்பவே பார்த்து வச்சுக்குங்க.

சாவியை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. பக்கத்துத் தெருவுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு.

ஸ்டார் பொத்தானுக்கு: முகப்புத் தகட்டுக்கும் கதவுக்கும் நடுவுல ரப்பர் விளிம்பு கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. கிழிஞ்சிருந்தா உப்பு பின்பக்கமா வருது. மேலேயும் ரெண்டு பக்கமும் சிலிக்கான் போடுங்க, அடிப்பக்கத்தை மட்டும் விட்டுடுங்க. நாலு பக்கமும் அடைச்சா உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம பலகையை அழிச்சுடும். கழட்டி மாட்டும்போது முன்பலகைக்கும் பின்பெட்டிக்கும் போற ஒயர் நசுங்காமப் பார்த்துக்குங்க, நசுங்கின ஒயர்தான் ஆறு மாசம் கழிச்சு புரியாத கோளாறா வரும்.

பாம்பன் விடுதி வேலை

நம்பர் தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சேர்க்கிறேன். நம் பக்கத்தில் வைக்கப்படும் நம்பர்களை ஊர் தெரிந்த யாரும் ஊகித்துவிடலாம்: ராமேஸ்வரம் அஞ்சல் குறியீடு 623526, வண்டிப் பதிவின் 65ஐ இரட்டித்து 6565, தனுஷ்கோடி புயல் ஆண்டு 1964, கலாம் பிறந்த தேதி 151031, 786786. செல்போனின் கடைசி நான்கு எண்ணும் அப்படியே, வாசல் பலகையிலேயே போன் நம்பரை எழுதியிருக்கிறோமே.

நான்கு எண் என்றால் 10,000 வகை, ஆறு எண் என்றால் 10 லட்சம். ஆனால் உப்பும் வியர்வையும் பட்டு நான்கு பொத்தான் மட்டும் எழுத்து தேய்ந்திருந்தால் அந்த 10,000 வெறும் 24 ஆகிவிடும். அந்த நான்கை எத்தனை விதமாக வரிசைப்படுத்த முடியுமோ அவ்வளவுதான். மூன்று எண்ணை மட்டும் எடுத்து ஒன்றை இருமுறை வைத்தால் 36 வருகிறது, அதுவும் கொஞ்சம்தான். எண்களை அடிக்கடி மாற்றினால் தேய்மானம் எல்லாப் பொத்தானிலும் பரவும். விருந்தாளிக்கு விருந்தாளி மாற்றுவதில் இந்த நன்மையும் இருக்கிறது.

உங்கள் பூட்டில் முன்னும் பின்னும் பொய் எண் சேர்க்கும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். நிஜ நம்பர் 407193 என்றால் 55 407193 8 என்று அழுத்தினாலும் திறக்கும், பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாது.

விருந்தாளிக்கு எப்போதும் ஒரே வரிசை எண்ணை ஒதுக்குங்கள், 010 என்று வையுங்கள். அவர்கள் கிளம்பியதும் 010ஐ அழித்து அதே 010ல் அடுத்தவருக்கு. சுவரில் மாட்டாத ஒரு நோட்டில் தேதி, வரிசை எண், யாருக்கு என்று மூன்றே விவரம் எழுதினால் போதும். துப்புரவுக்கு வருபவருக்குத் தனி எண், தனி வரிசை. விருந்தாளி நம்பரை அவருக்குக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அவருக்கும் சொல்ல வேண்டி வரும், கடைசியில் மாற்றுவதையே விட்டுவிடுவீர்கள்.

பிறகு ஆப் வைத்த பூட்டு வாங்கினால் ஒரு விஷயம்: நேர வரம்பு வைத்து அனுப்பும் நம்பர் பூட்டுக்குள் ஓடும் கடிகாரத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. பேட்டரி நெடுநேரம் இல்லாமல் இருந்தால் கடிகாரம் பிசகி நம்பர் மறுக்கும், போனை அருகில் கொண்டுபோய் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். சில ஆப்களில், தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது பயன்படுத்தாவிட்டால் அந்த நம்பர் செத்துவிடும். ரயில் தாமதமாகி மறுநாள் வரும் யாத்ரீகர் வாசலில் நிற்பது இதனால்தான்.

தங்கச்சிமடம் வீடு

திசை மாற்றியதும் சரியாகிவிட்டது அண்ணே. கடைசியாக: தெருப்பக்க இரும்பு கேட்டுக்கும் நம்பர் பூட்டு போடலாமா? அங்கே மழையும் உப்பும் நேராகப் படும்.

கீழக்கரை உப்புக்காற்று

அங்கே பேட்டரிப் பூட்டு வேண்டாம். பேட்டரியே இல்லாத மெக்கானிக்கல் பொத்தான் பூட்டு வாங்குங்கள். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேளுங்கள். 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் 316ல் இருப்பதால் உப்பு அரித்துச் சின்னச் சின்னக் குழி விழுவது குறைவு. துத்தநாகக் கலவையில் குரோம் முலாம் பூசியது கடைக் கண்ணாடிக்குள் இதே மாதிரி பளபளக்கும். காந்தம் வைத்துப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது, மூன்றுமே பெரிதாக ஒட்டாது. பில்லில் எழுதி வாங்குங்கள்.

இதில் நம்பர் மாற்றுவது வேறு மாதிரி. பூட்டைக் கேட்டிலிருந்து கழற்றி, குப்புற ஒரு துணிமேல் வைத்துப் பின்தகட்டின் திருகுகளை எடுக்க வேண்டும். உள்ளே பொத்தானுக்கு ஒன்றாகச் சின்னக் கட்டைகள் இருக்கும், நம்பரில் சேர்ந்தவை ஒரு நிறம், சேராதவை இன்னொரு நிறம். பல மாடல்களில் சிவப்பு, நீலம். முன்பக்க ‘சி’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ட்வீசரால் கட்டைகளை எடுத்து இடம் மாற்றுங்கள். அழுத்தாமல் எடுத்தால் கட்டை சிக்கும். வெட்டுப் பட்ட முனை எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வைக்க வேண்டும். ஸ்பிரிங் துள்ளி விழும், அதற்குத்தான் துணி. தகட்டை மூடி, கேட்டில் மாட்டுவதற்கு முன் கையில் வைத்தே மூன்று முறை போட்டுப் பாருங்கள்.

இந்தப் பூட்டில் வரிசை கிடையாது, 2580ம் 8052ம் ஒன்றுதான். பத்துப் பொத்தானில் நான்கு எடுத்தால் 210 வகை, ஐந்து எடுத்தால் 252, ஆறு எடுத்தால் மறுபடி 210. ஆகவே ஐந்து வையுங்கள். 252 அதிகமில்லை, பொறுமைசாலி ஒரு மதியத்தில் போட்டுப் பார்த்துவிடுவார். கேட்டுக்கு இது போதும், வீட்டு வாசல் கதவுக்கு இதை நம்பாதீர்கள். கேட் நம்பரும் வாசல் நம்பரும் ஒன்றாக இருக்கக் கூடாது.

மாட்டும் திருகும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். இரும்பு கேட்டைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போட்டு, துளையின் உள்விளிம்பில் பெயிண்ட் தொட்டுவிடுங்கள். இல்லையென்றால் பூட்டு நன்றாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள கேட் இரண்டு மழைக்குள் பொரிந்துவிடும்.